கோலாலம்பூர் ஏன் இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் நிற்கிறது?

சாயங்காலம் ஒரு மணி நேரம் அடைமழை பிடித்தால் போதும். மஸ்ஜிட் ஜாமெக் பள்ளிவாசல் பக்கத்தில் ஆறு கரை முட்ட ஓடும் படம் எல்லார் கைப்பேசிக்கும் வந்துவிடும். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "ரெண்டு ஆறு சேருகிற பள்ளத்தில் யார் தலைநகரம் கட்டச் சொன்னது?"

நியாயமான கேள்விதான். ஆனால் யாரோ வரைபடத்தை விரித்து, இடம் தேர்ந்தெடுத்து, ஊர் கட்டினார்கள் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. அப்படி நடக்கவில்லை. சரக்கு ஏற்றிய படகு அதற்குமேல் போக முடியாமல் நின்ற இடத்தில் முளைத்த ஊர் இது. அந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் ஊரின் பெயர், அந்தக் காலத்துச் சண்டை, ரயில் பாதை, இன்றைய வெள்ளம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரியும்.

## பெயர்களைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்

மலாய் மொழியில் "குவாலா", நம் வாயில் "கோலா". ஆறு கடலில் கலக்கும் இடத்தைத் தமிழில் கழிமுகம் என்போம். ஆறும் ஆறும் சேரும் இடத்தைக் கூடுதுறை என்போம், பவானியில் சொல்வதுபோல. மலாய்க்காரர்களுக்கு இரண்டுமே கோலாதான். ஏன் என்று யோசித்தால் காரணம் எளிது. படகில் வருகிறவனுக்கு இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன: "இங்கே திரும்பு" என்று வழி காட்டுகின்றன.

நாம் தினமும் சொல்லும் ஊர்ப் பெயர்களில் பாதி, படகோட்டிகளின் வழிகாட்டிப் பலகைகள்தான். நான்கு சொற்கள் தெரிந்தால் போதும்.

1. கோலா: சேரும் இடம். பெரும்பாலும் வந்து சேரும் சின்ன ஆற்றின் பெயரைத்தான் வைப்பார்கள். கங்சார் ஆறு பேராக் ஆற்றில் சேரும் இடம் கோலா கங்சார். லிப்பிஸ் ஆறு ஜெலாய் ஆற்றில் சேரும் இடம் கோலா லிப்பிஸ். சிலாங்கூர் ஆறு கடலில் சேரும் இடம் கோலா சிலாங்கூர்.

2. உலு: ஆற்றின் தலைப்பகுதி, மலைப்பக்கம். உலு லங்காட், உலு சிலாங்கூர், உலு கிள்ளான் எல்லாம் அந்தந்த ஆறு பிறக்கும் பக்கம்.

3. ஹிலிர்: ஆற்றின் கீழ்ப்பகுதி, கடல் பக்கம். ஹிலிர் பேராக் அப்படி வந்தது.

4. பெங்காலான்: படகு கட்டும் துறை.

இந்தக் கணக்குப்படி கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றில் சேரும் இடத்துக்குக் "கோலா கோம்பாக்" என்றுதான் பெயர் வந்திருக்க வேண்டும். ஆனால் "லும்பூர்", அதாவது சேறு, பெயரில் ஏறிக்கொண்டது. அது ஏன் என்பதற்கு ஆய்வாளர்கள் ஆளுக்கொரு விளக்கம் தருகிறார்கள். நமக்கு இப்போது முக்கியம் பெயரின் முன்பாதி. அது ஒரு படகுத் துறையின் பெயர்.

## படகு ஏன் அங்கே நின்றது?

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தீபகற்பத்தின் உட்பகுதி முழுக்க அடர்காடு. நடுவே முதுகெலும்பு மாதிரி தித்திவாங்சா மலைத்தொடர். சிலாங்கூரின் உட்பகுதிக்கு வண்டி போகும் பாதை கிடையாது. இருந்ததெல்லாம் ஒற்றையடித் தடம். மழை பெய்தால் அதுவும் சேறு.

அந்தக் காலத்து எடைக் கணக்கு இதைப் புரியவைக்கும். உட்பகுதியில் தோண்டி எடுத்த வெள்ளீயத்தை (சுருக்கமாக ஈயம் என்போம்) "பிக்குல்" கணக்கில் எடை போட்டார்கள். பிக்குல் என்றால் தோளில் சுமப்பது. ஓர் ஆள் தோள்கம்பில் தூக்கக்கூடிய பாரம், சுமார் 60 கிலோ. மூன்று பிக்குல் சேர்ந்தால் ஒரு "பஹாரா", சுமார் 180 கிலோ. (பஹாராவும் நம்முடைய பாரமும் ஒரே வடமொழிச் சொல்லிலிருந்து வந்தவை.) ஒரு பஹாரா ஈயத்தைக் காட்டு வழியாகக் கடற்கரைக்குக் கொண்டுபோக மூன்று ஆள் வேண்டும். அந்த மூன்று பேருக்கும் வழியில் சோறு வேண்டும், அந்தச் சோற்றுக்கான அரிசியையும் யாராவது சுமக்க வேண்டும். அதே மூன்று பேர் ஒரு படகில் ஏறினால் பல மடங்கு சரக்கோடு ஆற்றில் இறங்கிப் போய்விடலாம். ஆறு இல்லாமல் ஈயத் தொழிலே இல்லை என்பது இந்தக் கணக்கால்தான்.

சரி, அப்படியானால் சுரங்கம் இருந்த அம்பாங் வரைக்கும் படகிலேயே போயிருக்கலாமே? முடியாது.

1. கீழ்ப்பகுதியில் கடலின் ஏற்றம் ஆற்றுக்குள் ஏறிப் படகைத் தூக்கிவிடும். மேலே போகப் போக அந்த உதவி நின்றுவிடும். அப்புறம் மூங்கில் கழியை ஆற்றுப் படுகையில் ஊன்றி, தள்ளித் தள்ளித்தான் எதிர்நீச்சல் போட வேண்டும்.

2. கரையோர மரங்கள் ஆற்றுக்குள் சாய்ந்து கிடக்கும். ஆறு குறுகக் குறுக ஒரே மரம் முழு ஆற்றையும் அடைத்துவிடும்.

3. இதுதான் முக்கியமான காரணம். இரண்டு ஆறுகள் சேரும் இடத்துக்குக் கீழே இரண்டின் தண்ணீரும் இருக்கிறது. அதைத் தாண்டி மேலே போனால் அதில் ஒரு பங்குதான். ஆழம் சட்டென்று குறையும். அதுவரை மிதந்து வந்த பாரப் படகு மணலில் தட்டும்.

ஆகவே கூடுதுறைதான் பாரப் படகுக்குக் கடைசி நிறுத்தம். அங்கே சரக்கை இறக்கித் தோளில் ஏற்ற வேண்டும். தோளில் வந்த ஈயத்தை அங்கே படகில் ஏற்ற வேண்டும். சரக்கு கை மாறும் இடத்தில் கடை வரும். கடை வந்தால் கிடங்கு, கிடங்கு வந்தால் காவல், அப்புறம் ஊர்.

## 1857: 87 பேர்

கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லாவும் லுக்குட்டை ஆண்ட அவருடைய அண்ணன் ராஜா ஜுமாட்டும் சேர்ந்து, மலாக்காவின் சீன வணிகர்களிடம் 30,000 டாலர் முதலீடு வாங்கினார்கள். 1857-இல் 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளானிலிருந்து படகில் அனுப்பினார்கள். கூடுதுறையில் இறங்கி, காட்டைக் கடந்து அம்பாங்குக்கு நடந்தார்கள். ஒரு மாதத்துக்குள் 69 பேர் செத்துப்போனார்கள். மலேரியா. மீதி 18 பேர்.

இந்த எண்ணைச் சும்மா கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. நம் தோட்டக் கதைகளிலும் ரயில் பாதைக் கதைகளிலும் இதே காய்ச்சல்தான் ஆட்களைக் கொண்டுபோனது. முன்னோடிகள் என்று நாம் கொண்டாடும் பலர் ஊர் பேர் தெரியாமல் காட்டில் புதைந்தவர்கள்.

அப்புறம் இன்னொரு கூட்டம் அனுப்பப்பட்டது. 1859-இல் அம்பாங்கிலிருந்து ஈயம் வெளியே போகத் தொடங்கியது. இதற்குள் லுக்குட்டிலிருந்து வந்த ஹியூ சியூ போன்ற வணிகர்கள் கடை போட்டார்கள். எங்கே? சுரங்கம் இருந்த அம்பாங்கில் இல்லை. கூடுதுறையில். அரிசி, எண்ணெய், கருவாடு, அபின் எல்லாம் படகில் வந்து இறங்கும் இடத்தில். ஆக, கோலாலம்பூர் சுரங்க ஊராகப் பிறக்கவில்லை, கடைத்தெருவாகப் பிறந்தது.

1857-தான் தொடக்கமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சுமத்ராவின் மண்டைலிங் மக்கள் அதற்கு முன்பே இங்கே வணிகம் செய்தார்கள், அவர்களில் சுத்தான் புவாசாதான் ஊரை உண்டாக்கியவர் என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அந்த வாதம் சரியென்றாலும் நம் விளக்கம் மாறாது. அவரும் அதே ஆற்றில் வந்து அதே துறையில்தான் கடை நடத்தினார்.

இன்றைக்கும் அந்த அமைப்பைக் கண்ணால் பார்க்கலாம். மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் இறங்கி ஆற்றுப் பக்கம் போய் நில்லுங்கள். 1909-இல் திறந்த பள்ளிவாசல், இரண்டு ஆறுகளுக்கு நடுவே நாக்கு மாதிரி நீண்ட நிலத்தில் இருக்கிறது. நிலையத்தை ஒட்டி வருவது கிள்ளான் ஆறு, சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் பின்னால் வருவது கோம்பாக். கூடுதுறைக்குச் சற்றுக் கீழே, கிழக்குக் கரையில், மேடான் பாசார். சீனர்களின் தலைவர் யாப் ஆ லோயின் சந்தை அங்கேதான் நடந்தது. அங்கிருந்து வடகிழக்கே கிளம்புகிறது லெபோ அம்பாங். அம்பாங் சுரங்கத்துக்குப் போன தடத்தின் தொடக்கம் அது. பின்னாளில் அதே தெரு செட்டியார்களின் வட்டிக்கடைத் தெருவானது. சரக்கு கை மாறும் வழியில்தானே பணமும் கை மாறும்.

## ஆற்று வாய் யார் கையில்?

இந்தப் பகுதிதான் பாடப்புத்தகத்தில் பெயர்ப் பட்டியலாகப் போய், மாணவர்களுக்குக் குழப்பத்தை உண்டாக்குகிறது. ஆற்றை வைத்துப் பார்த்தால் தெளிவாகிவிடும்.

பேராக், பகாங், கிளந்தான், சிலாங்கூர், ஜொகூர் ஆகிய மாநிலப் பெயர்கள் எல்லாம் ஆறுகளின் பெயர்கள். ஓர் ஆறும் அதன் கிளைகளும் சேர்ந்தது ஒரு நாடு. அங்கே ஆட்சி என்பது நிலத்தை அளப்பதைவிட, ஆற்றில் போகும் சரக்கை நிறுத்தி வரி வாங்குவதுதான். உள்நாட்டுக்குள் நுழைய வேறு வழி இல்லாததால், கடலோரத்தில் ஒரு சின்னக் கோட்டையும் நாலு பீரங்கியும் இருந்தால் முழு ஆற்றுக்கும் வரி போடலாம். மேலே போகும் அரிசிக்கும் அபினுக்கும் வரி, கீழே வரும் ஈயத்துக்கு வரி.

சிலாங்கூர் உள்நாட்டுப் போர் (1867 முதல் 1874 வரை) இந்தக் கணக்கில்தான் மூண்டது.

1. ராஜா அப்துல்லா, கிள்ளான் ஆற்றின் வரி வசூலை நீரிணைக் குடியேற்றத்து (பிரிட்டிஷாரின் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) வணிகர்களுக்குக் குத்தகைக்கு விட்டார்.

2. கிள்ளானின் முந்தைய தலைவரின் மகன் ராஜா மஹ்டி வரி கட்ட மறுத்தார். கிள்ளான் தன் குடும்பத்துக்கு வந்திருக்க வேண்டியது என்ற மனக்குறை அவருக்கு முன்பே இருந்தது. 1867-இல் கிள்ளானைப் பிடித்தார்.

3. கிள்ளான் கை மாறினால் மேலே இருக்கும் சுரங்கக்காரர்களின் வயிறும் வருமானமும் கை மாறுகின்றன. அரிசி கீழேயிருந்துதான் வர வேண்டும். ஆகவே சீனக் கூட்டங்களும் ஆளுக்கொரு ராஜா பக்கம் நின்றன. 1868-இல் கப்பித்தானாக, அதாவது சீனர்களின் தலைவராக, வந்த யாப் ஆ லோய், மஹ்டியை எதிர்த்த சுல்தானின் மருமகன் துங்கு கூடின் பக்கம்.

4. 1872-இல் எதிர்த்தரப்பு கோலாலம்பூரைப் பிடித்தது, ஊர் எரிந்தது. 1873-இல் யாப் ஆ லோய் திரும்பப் பிடித்து மறுபடி கட்டினார்.

பேராக்கிலும் இதே கதையின் இன்னொரு வடிவம் நடந்தது. 1874-இல் பங்கோர் ஒப்பந்தம், அதன்படி சுல்தானுக்கு ஆலோசனை சொல்ல ரெசிடெண்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி வந்தார். அடுத்த ஆண்டே, நவம்பர் 2 அன்று, பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பர்ச், பேராக் ஆற்றங்கரையில் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். தலைவர்களின் கோபத்துக்குப் பல காரணங்கள் உண்டு. ஆற்று வரி வாங்கும் உரிமையை அவர்கள் கையிலிருந்து எடுக்கப் பார்த்தது அதில் பெரிய காரணம். ஒரு தலைவனிடமிருந்து ஆற்று வரியைப் பறிப்பது அவன் பதவியையே பறிப்பதற்குச் சமம்.

## மலை குறுக்கே வந்தால்?

ஆறு மலையோடு முடிந்துவிடும். மேற்குக் கடற்கரையிலிருந்து கிழக்குக்கு எப்படிப் போனார்கள்? படகை இழுத்துக்கொண்டு போனார்கள்.

நெகிரி செம்பிலானில் பாகாவ் பக்கம் ஜெம்போல் ஆறு மேற்கே போய் மூவார் ஆற்றில் சேர்கிறது. செர்திங் ஆறு கிழக்கே போய்ப் பகாங் ஆற்றின் கிளைகளோடு சேர்கிறது. இரண்டும் ஓரிடத்தில் மிக அருகில் வருகின்றன. இடையில் தாழ்வான குறுகிய நிலம். மலாக்கா நீரிணையிலிருந்து மூவார் ஆற்றில் ஏறி வருகிறவர்கள் அங்கே படகைத் தரையில் இழுத்து, மறுபக்க ஆற்றில் இறக்கிப் பகாங்குக்குப் போனார்கள். அதனால் அந்த இடத்துக்கே "பெனாரிக்கான்" என்று பெயர். தாரிக் என்றால் இழுப்பது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவின் போர்த்துகீசிய வரைபடக்காரர் எரேடியா வரைந்த வரைபடத்திலேயே இந்த வழி இருக்கிறது. தீபகற்பத்தின் தென்முனையைச் சுற்றாமல், கடற்கொள்ளைக்காரர்கள் கண்ணில் படாமல் அக்கரைக்குப் போகும் வழி.

பழைய ஐரோப்பிய வரைபடங்களைப் பார்க்கும்போது ஒன்று கவனியுங்கள். கரையோரம் ஆற்று முகங்களின் பெயர்கள் வரிசையாக நெருக்கியிருக்கும். உள்ளே வெறுமை. உள்ளே ஆள் இல்லை என்பதல்ல அதற்குப் பொருள். படகு எதைக் காட்டியதோ அதை மட்டும் வரைந்தார்கள். உள்நாட்டை அறிந்திருந்த பூர்வகுடி மக்களும் மலாய் வழிகாட்டிகளும் முன்னால் போகாமல் எந்த வெள்ளைக்காரனும் ஓர் ஆற்றைக்கூடக் "கண்டுபிடிக்கவில்லை".

தமிழர்களுக்கு இதில் ஒரு பழைய பங்கு உண்டு. 1025-இல் ராஜேந்திர சோழனின் படை தாக்கிய கடாரத்தைக் கெடாவோடு சேர்த்துப் படிக்கிறோம். பினாங்குக்கு வடக்கே, மெர்போக் ஆற்றையும் பூஜாங் ஆற்றையும் ஒட்டிக் கோயில்களின் அடித்தளங்கள் கிடைத்தன. பக்கத்தில் ஜெராய் மலை, 1,200 மீட்டருக்கு மேல் உயரம். வங்கக் கடலைக் கடந்து வந்த கப்பல்காரனுக்கு முதலில் தெரிவது அந்த மலை, அதைப் பார்த்துத் திரும்பினால் ஆற்று முகம். உள்ளே போனால் அலை இல்லாத தண்ணீர், குடிநீர், காட்டுப் பொருள். மலாய் மொழியில் கப்பலுக்குச் சொல்லும் "காப்பால்" நம் தமிழ்ச் சொல்தான். ஆனால் ஆற்றில் ஓடும் சம்பானுக்கும் பெராவுக்கும் நம் பெயர் இல்லை. நம்மவர்கள் ஆற்று முகம் வரைக்கும் வந்தார்கள், அதற்கு மேலே சரக்கைக் கொண்டுபோனது இந்த மண்ணின் படகுகள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

## ரயில் வந்தது, ஆறு ஓய்ந்தது

கிள்ளான் ஆறு ஒருபோதும் நல்ல பாதையாக இருந்ததில்லை, அத்தனை வளைவு. அதனால்தான் 1870-களிலேயே டாமன்சாரா துறையில் சரக்கை இறக்கி, அங்கிருந்து தரை வழியாகக் கோலாலம்பூருக்குக் கொண்டுபோனார்கள். 1880-இல் ரெசிடெண்டின் தலைமையகம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. ஆற்று வாயில் இருந்த அதிகாரம், ஈயம் இருக்கும் பக்கம் நகர்ந்தது.

1886 செப்டம்பரில் கோலாலம்பூருக்கும் கிள்ளான் அருகே புக்கிட் கூடாவுக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. 1890-இல் கிள்ளான் ஆற்றின் மேல் பாலம். 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹம், இன்றைய போர்ட் கிள்ளான். பதினைந்தே ஆண்டுகளில் படகின் கதை முடிந்தது.

ஆனால் ரயில் புது வழி எதையும் கண்டுபிடிக்கவில்லை. இன்று கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போகிறவர்கள், பிரிக்பீல்ட்ஸ் தாண்டி பெட்டாலிங், பத்து தீகா, ஷா ஆலம் என்று வரிசையாகக் கடப்பது கிள்ளான் ஆற்றின் பள்ளத்தாக்கைத்தான். படகு வந்த வழியிலேயே தண்டவாளம் போட்டார்கள். 1881-இல் தீயும் வெள்ளமும் ஊரை அழித்த பிறகு, செங்கல் கட்டடம்தான் என்று முடிவானது. அந்தச் செங்கல்லுக்கு மண் கொடுத்தது ஆற்றங்கரையோரமிருந்த பிரிக்பீல்ட்ஸ். அதே இடம் ரயில்வேக்காரர்களின் குடியிருப்பானது. இந்தியத் தமிழர்களும் யாழ்ப்பாணத் தமிழர்களும் அங்கே கூட்டமாகக் குடியேறியதற்கு ரயில்தான் காரணம்.

## சேறும் வெள்ளமும்

ஆறு பாதையாக இருந்தவரை அதன் ஆழத்தை எல்லாரும் கவனித்தார்கள். பாதை தரைக்கு மாறியதும் அது சாக்கடையானது. இது என் வருத்தம் மட்டுமல்ல, நடந்த வரிசையே அதுதான்.

1. ஈயம் எடுக்க மண்ணைத் தண்ணீரில் கழுவ வேண்டும். கனமான ஈயம் அடியில் தங்கும், மணலும் களியும் ஆற்றுக்குப் போகும். அம்பாங் என்ற பெயரே நீரைத் தேக்கும் அணையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது.

2. ஈயத்தை உருக்கக் கரி வேண்டும், கரிக்குக் காட்டை வெட்ட வேண்டும். வெட்டிய சரிவிலிருந்து இன்னும் மண் இறங்கும்.

3. மண் சேரச் சேர ஆற்றின் படுகை உயரும். அதே மழைக்கு முன்பு கரைக்குள் ஓடிய தண்ணீர் இப்போது கரைக்கு வெளியே வரும்.

இதன் முழுக் கொடுமையை அனுபவித்த ஊர் கோலா குபு. 1883-இல் அங்கே பழைய அணை உடைந்து ஊரை அடித்துப் போனது, மாவட்ட அதிகாரியும் பலியானார். அதற்குப் பிறகு சுரங்க மண் ஆற்றை மேடாக்கி, வெள்ளம் மேல் வெள்ளம் வந்தது. 1926-இன் பெருவெள்ளத்துக்குப் பிறகு ஊரையே மேட்டுக்கு மாற்றினார்கள். அதுதான் கோலா குபு பாரு, "புதிய" கோலா குபு.

கோலாலம்பூரை அப்படித் தூக்கி வேறு இடத்தில் வைக்க முடியவில்லை. 1926-இல் அதுவும் மூழ்கியது, 1971 ஜனவரியில் மறுபடி மூழ்கியது. ஆற்றை நேராக்கி, கான்கிரீட் கரை போட்டார்கள். மேலே ஏற்கெனவே இருந்த கிள்ளான் கேட்ஸ் அணையோடு பத்து அணையும் சேர்ந்தது. ஆனாலும் அடிப்படை நிலைமை அப்படியே இருக்கிறது. பத்து ஆறு கோம்பாக்கில் சேர்கிறது, கோம்பாக் கிள்ளானில் சேர்கிறது. தைப்பூசத்தன்று காவடி எடுக்கும் பக்தர்கள் பத்துமலை அடிவாரத்தில் குளிக்கிறார்களே, அந்தத் தண்ணீரும் கடைசியில் மஸ்ஜிட் ஜாமெக் வழியாகத்தான் போக வேண்டும். மூன்று ஆறுகளின் மேட்டிலும் ஒரே நேரத்தில் மழை பெய்தால், மூன்றும் அந்தக் குறுகிய கால்வாய்க்கு ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. மேட்டில் இப்போது காட்டுக்குப் பதிலாகத் தாரும் கூரையும் இருப்பதால் இன்னும் வேகமாக வருகின்றன.

2007-இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கப் பாதை இந்தக் கணக்கை மாற்றத்தான் கட்டப்பட்டது. நீளம் 9.7 கிலோமீட்டர். சாலை நெரிசலுக்காகக் கட்டியது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கார்கள் ஓடுவது நடுவில் ஒரு பகுதியில் மட்டும், பெருவெள்ளம் வந்தால் அதையும் மூடித் தண்ணீர் விடுவார்கள். அம்பாங் பக்கத்தில் கிள்ளான் ஆறு கூடுதுறையை எட்டுவதற்கு முன்பே அதன் வெள்ளத்தை உள்ளே இழுத்து, நகரத்தின் அடியில் கொண்டுபோய், தாமான் டேசா பக்கமுள்ள குளத்தில் தேக்கி, அங்கிருந்து கெராயோங் ஆற்றில் விடுகிறார்கள். கிள்ளானின் அந்தப் பங்கு விலகிக்கொண்டால், கூடுதுறையில் கோம்பாக் கொண்டுவரும் தண்ணீருக்குக் கால்வாயில் இடம் கிடைக்கும்.